கொடிக்காலுக்குள் குரல் தாழ்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

தோட்டத்துக்கு நீ போட்டு அனுப்பிய வரைபடத்தை மூன்று நாளாக விரித்துவைத்துப் பார்க்கிறேன். அழகாக இருக்கிறது. ஆனால் அது மேலேயிருந்து பார்க்கிற தோட்டம். இங்கே தங்க வருகிறவர்கள் கேட்டில் இறங்கி, நடந்து பார்க்கிறார்கள். பொங்கலுக்குப் பிறகு வந்த குடும்பங்களைத் திண்ணையில் இருந்தபடி கவனித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இறங்கியதும் "எந்தப் பக்கம் போகணும்?" என்றுதான் கேட்கிறார்கள். புளியமரம் கண்ணில் பட்ட பிறகே நடையில் தயக்கம் போகிறது. கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்கர் 1960-ல் எழுதியதைக் காலேஜில் படிக்கும்போது எனக்குச் சொன்னாயே! பாதை, விளிம்பு, பகுதி, சந்திப்பு, அடையாளம் என்ற ஐந்தைக் கொண்டுதான் ஒரு நகரத்தை மனசில் வாங்கிக்கொள்கிறோம் என்று. நம் நாலு ஏக்கருக்கும் அது பொருந்துகிறது. நீ அந்தப் புளியமரத்தை மறைத்து வரவேற்பறை போட்டிருக்கிறாய். வேண்டாம்மா.

அடுத்து நம் வெற்றிலைக் கொடிக்கால். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைப் பார்க்கவென்றே கேட்டு வருகிறார்கள். வெயிலில் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் குரல் தானாகத் தாழ்கிறது. இரண்டு பக்கமும் அகத்தி, அதில் ஏறிய கொடி, தலைக்கு மேல் பச்சை, காலடியில் ஈரம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். சின்னப் பிள்ளைகள்கூட ஓடுவதில்லை. நீ அதைக் 'குறுகல்' என்று குறித்து, ஆறடிக்கு அகலப்படுத்தச் சொல்லியிருக்கிறாய். அகலமாக்கினால் வெயில் இறங்கும். கொடியும் வாடும், அந்த அமைதியும் போய்விடும்.

கொடிக்காலின் மறுமுனையில் வயல் விரிகிறது, வடக்கே சிறுமலை நிற்கிறது. வந்தவர்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். நிழலுக்குள்ளிருந்து வந்ததால்தான் அந்த வெளி அத்தனை பெரிதாகத் தெரிகிறது. குடில்கள் நாலையும் நீ வரிசையாக நிறுத்தியிருப்பது அந்த வரப்பில்தான்! அவற்றைத் தென்னைக்குள் தள்ளிவை. முதுகுக்கு மரமும் முன்னால் திறந்த வெளியும் இருக்கிற இடம் பார்த்துத்தான் ஆட்கள் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

மோட்டார் தொட்டியில் பிள்ளைகளும் ஆண்களும் குளிக்கிறார்கள். பெண்கள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு அம்மா உன் அம்மாவிடம் வந்து, "எங்களுக்கு மறைவா ஒரு இடம் இல்லையா?" என்று கேட்டார். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் தொட்டியைப் பார்க்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. ஓரமாக வாழை வைத்து, இன்னொரு சின்னத் தொட்டிக்கு இடம் ஒதுக்கு. கேட்டுக்கும் கொடிக்காலுக்கும் நடுவில் வயசானவர்கள் உட்கார நிழலில் ஒரு கல் பலகையும் வேண்டும்.

அடுத்த மாதம் வரும்போது வரைபடத்தைப் பையிலேயே வைத்துவிட்டு, கேட்டிலிருந்து என்னோடு நடந்து வா. வெற்றிலை கிள்ளுகிற நாள் பார்த்துச் சொல்கிறேன். காலை வெயில் ஏறுமுன் வந்துவிடு.

அன்புடன்,
அப்பா