கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் ஆழ அளவுகள் பொது வரைபடத்துக்குச் செல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலின் அடியில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரில் தாதுக்களைத் தேடுவதற்காகச் சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2025 செப்டம்பரில் செய்துகொண்ட ஒப்பந்தம் பற்றித் தங்கள் நாளிதழில் படித்தேன். செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி என்று அங்கே கிடைக்கக்கூடியவற்றை வரிசையாகச் சொன்ன அச்செய்தி, அப்படியொரு மலைத்தொடர் அங்கே இருப்பது நமக்கு எப்படித் தெரிய வந்தது என்பதைச் சொல்லவில்லை. உடன் வெளியான படத்திலும் ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் நடுவே வெறும் நீலந்தான் இருந்தது. நெடுங்காலம் புவியியல் பாடம் நடத்தியவனுக்கு அந்த நீலத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிவந்த டானா என்ற டென்மார்க் ஆய்வுக்கப்பல்தான் இம்மலைத்தொடரை அடையாளம் கண்டது. பயணத்துக்குப் பணம் கொடுத்தது ஒரு பீர் ஆலையின் அறக்கட்டளை என்பதால் அந்த ஆலையின் பெயரே மலைக்கும் நிலைத்துவிட்டது. (வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.) பிறகு, 1959 முதல் 1965 வரை பல நாடுகளின் நாற்பது கப்பல்கள் பங்கேற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம் நடந்தது. அதில் இந்தியாவும் பங்கேற்றது. இன்று கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966-இல் தோன்றியதும் அந்தப் பயணத்தின் விளைவாகவே. 1962-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ஓவன் என்ற அளவைக் கப்பல் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் ஒரு சிறு பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, அங்குள்ள பாறைகளின் காந்தத்தன்மையை அளந்தது. அந்த அளவுகளை வைத்துத்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த அறிவியலாளர்கள் வைன், மேத்யூஸ் இருவரும் 1963-இல், மலைத்தொடரின் நடுப்பிளவில் பொங்கி உறையும் எரிமலைக் குழம்பு அந்தந்தக் காலத்துப் புவிக்காந்தத்தின் திசையைத் தனக்குள் பதித்துக்கொண்டு இருபுறமும் விலகிச் செல்கிறது என்று எழுதினார்கள்.

மாணவர்களுக்கு இதை விளக்க நான் பெரிய கருவி எதையும் தேடியதில்லை. இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, நடு இடுக்கிலிருந்து இரண்டு நீளத் தாள்களைப் பக்கத்துக்கு ஒன்றாக இழுக்கச் சொல்வேன். வெளியே வர வர, இரண்டிலும் ஒரே நேரத்தில் சிவப்புச் சாக்கட்டியால் ஒரு பட்டை, பிறகு நீலச் சாக்கட்டியால் ஒரு பட்டை. புவிக்காந்தம் அவ்வப்போது தலைகீழாகத் திரும்புவதால், சிவப்பு ஒரு திசைக்கு, நீலம் அதன் எதிர்த்திசைக்கு. முடிவில் இரண்டு தாள்களையும் விரித்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். பூமியின் மேலோட்டுப் பாளங்களான புவித்தட்டுகள் நகர்கின்றன என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளக் காரணமான சான்றுகளில் இது முதன்மையானது. அது முதலில் படிக்கப்பட்ட இடங்களில் ஒன்று நம் பெருங்கடல்.

ஆழ அளவுகளைப் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அட்லாண்டிக் மலைத்தொடரின் நடுவே ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1950-களின் தொடக்கத்தில் கண்டறிந்த அமெரிக்கப் பெண் அறிவியலாளர் மேரி தார்ப், சக அறிவியலாளர் புரூஸ் ஹீசனுடன் சேர்ந்து வட அட்லாண்டிக்கின் வரைபடத்தை 1957-இல் வெளியிட்டார். நீர்மூழ்கிக் கப்பல் அச்சத்தால் ஆழ எண்களை அமெரிக்கக் கடற்படை இரகசியமாக்கியிருந்தது. ஆகவே எண்களைக் காட்டாமல், மலைகளைச் சாய்வாகப் பார்ப்பதுபோல ஓவியமாகத் தீட்டினார்கள். படம் அழகாக வந்தது உண்மை. ஆனால் அதிலிருந்து ஆழத்தை எண்ணாக யாரும் படித்தெடுக்க முடியாது.

இன்றைய நிலை என்ன? 1903-இல் தொடங்கிய உலகப் பெருங்கடல் ஆழ வரைபடப் பணியின் தொடர்ச்சியாக, 2030-க்குள் கடற்படுகை முழுவதையும் வரைந்து முடிக்கும் கூட்டு முயற்சி 2017-இல் அறிவிக்கப்பட்டபோது சரியாக அளக்கப்பட்டிருந்த பரப்பு 6 விழுக்காடு. 2025 ஜூனில் அது 27.3 விழுக்காடு. செயற்கைக்கோள்கள் கடல்மட்ட ஏற்ற இறக்கத்திலிருந்து பெரிய மலைகளை ஊகித்துச் சொல்லும். நுணுக்கமான அளவுக்கு, கப்பலிலிருந்து விசிறிபோல ஒலிக்கற்றைகளைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவதைத் தவிர வேறு வழியில்லை. எந்த ஒரு நாட்டின் கப்பல்களாலும் இது தனியாக ஆகிற காரியமல்ல.

‘வேலூர்க்காரனுக்கு நடுக்கடலில் என்ன வேலை?’ என்று வாசகர்கள் கேட்கலாம். 2021 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் நிலம் அதிர்ந்ததை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் பலர் கல் குவாரியில் வெடி வைத்துவிட்டார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். அலமாரியில் இருந்த எவர்சில்வர் தூக்கு உருண்டு விழுந்த பிறகுதான் நான் எழுந்தேன். அவை சிறிய அதிர்வுகளே. அவற்றுக்குக் கடலடி மலைத்தொடர்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தெற்கே கடலடி மலைத்தொடர்களின் தள்ளுதலும் வடக்கே இமயத்தின் தடுப்புமாக இந்தியத் தட்டு இருபுறமும் நெருக்கப்படுகிறது. உட்பகுதியில் உள்ள பழைய பிளவுகள் அவ்வப்போது அசைவதை இந்த நெருக்கத்தோடு சேர்த்தே அறிவியலாளர்கள் ஆராய்கிறார்கள். தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருப்பது போன்ற செயற்கைக்கோள் அளவை நிலையங்கள் உலகெங்கும் தங்கள் அளவுகளைப் பகிர்ந்துகொள்வதால்தான் கணிக்க முடிகிறது. இந்த வேகத்தில் பார்த்தால், 2004 ஆழிப்பேரலை வந்த காலத்திலிருந்து இன்றுவரை நம் வேலூர்க் கோட்டை, அகழியோடு சேர்த்துச் சுமார் ஒரு மீட்டர் இடம் மாறிவிட்டது.

ஆகவே என் கோரிக்கை இது. தாதுக்கள் எங்கே, எவ்வளவு என்ற விவரத்தை ஒப்பந்ததாரரான அரசு தன்னிடமே வைத்துக்கொள்வது முறைதான். அதை ஆணையத்தின் விதிகளும் ஏற்கின்றன. ஆனால் அதே கப்பல்கள் எடுக்கும் ஆழ அளவுகளை, பயணம் முடிந்த கையோடு, மேலே சொன்ன உலகக் கூட்டு முயற்சியின் பொது வரைபடத்துக்கு மத்திய புவி அறிவியல் அமைச்சகம் வழங்க வேண்டும். தாங்களும் அடுத்த முறை இதுபற்றிச் செய்தி வெளியிடும்போது, நீல நிறத்துக்குப் பதிலாக மலைத்தொடரைக் காட்டும் படத்தைத் தமிழ்ப் பெயர்களோடு அச்சிட்டால், பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி நானே கத்தரித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.