‘கல்நெஞ்சக்காரர்’ என்ற அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீனக் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், தன்பாலீர்ப்பாளரான மகனை வீட்டில் சேர்க்காத தகப்பனைப் ‘பெற்ற பாசமே இல்லாத கல்நெஞ்சக்காரர்’ என்று ஒரே வரியில் தீர்த்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அப்படி ஒரு தகப்பனோடு கட்டுரையாளர் ஒரு நாளாவது பழகியிருப்பாரா?

நான் பழகியிருக்கிறேன். கணவரின் துணி வியாபாரத்துக்காக 2010 முதல் 2019 வரை தென் சீனாவின் குவாங்சோ நகரில் குடியிருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரர், ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன். நகரத்துக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றை இரண்டாவது பெற்றுக்கொள்ள அங்கே 2015 கடைசி வரை சட்டம் விடவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. வாரிசு இல்லாமல் போவதுதான் பெற்றோருக்குச் செய்யும் பெரிய துரோகம் என்று பழங்காலச் சீன ஞானி மென்சியஸ் காலத்திலிருந்து சொல்லி வளர்த்த ஊர் அது.

அவர் ஆயுசெல்லாம் ஆலையில் எல்லோரையும் ‘தோங்ஜி’, அதாவது தோழர் என்று கூப்பிட்டவர். இன்று அதே சொல் அங்கே தன்பாலீர்ப்பாளரையும் குறிக்கிறது. 2014 வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, ஷென்ஜென் நகரிலிருந்து வந்த மகன் ‘நான் தோங்ஜி’ என்று சொன்னபோது அவருக்கு முதலில் புரியவே இல்லையாம். புரிந்ததும், வைத்தியம் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வா என்றிருக்கிறார். மகன் மறுத்தான். இனி வாசல்படி ஏறாதே என்றுவிட்டார். நாங்கள் ஊர் திரும்பும்வரை அந்தப் பிள்ளை வரவில்லை.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அவர் ஆலையிலேயே ஒருவரை, தன்பாலீர்ப்பாளர்மேல் அந்நாளில் சுமத்திய போக்கிரித்தனம் என்ற குற்றத்தில் பிடித்துப் போனதைப் பார்த்தவர். அந்தக் குற்றப்பிரிவு 1997இல்தான் நீங்கியது. தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 2001இல். அதற்குப் பிறகும் மின்சாரம் வைத்து ‘குணப்படுத்திய’ ஒரு மருத்துவ நிலையம் செய்தது தவறு என்று 2014இல் பெய்ஜிங் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை.

அதே குவாங்சோவில் வூ யூஜியான் என்ற தாய், தங்களைப் போலவே பத்திரிகை ஆசிரியராக இருந்தவர், 2005இல் தொலைக்காட்சியில் தன்பாலீர்ப்பாளரான தன் மகனுக்காகப் பேசினார். 2008இல் அங்கேயே இப்படிப்பட்ட பெற்றோருக்கென்று ஓர் அமைப்பும் வந்தது. பிறகு 2021இல் தன்பாலீர்ப்பாளருக்கான கல்லூரி மாணவர் குழுக்கள் வீசாட் என்ற சீன அலைபேசிச் செயலியில் வைத்திருந்த கணக்குகளை மூடினார்கள்; 2023இல் பெய்ஜிங்கில் அவர்களுக்கென்று இருந்த மையமும் மூடப்பட்டது. தகப்பன்கள் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

சீனா என்றால் பாம்பும் தேளும் தின்னும் கதைதான் உங்கள் பக்கங்களில் வருகிறது. 2020இல் அது பற்றி நான் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக்கிப் போட்டீர்கள். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கீழ்வீட்டுப் பெரியவரின் மனைவி எங்கள் சமையலறையில் நின்றுதான் மகனோடு வீசாட்டில் பேசுவார். பெரியவருக்கு அது தெரியும். சரியாக அந்த நேரத்துக்கு நடக்கக் கிளம்பிவிடுவார். அந்தப் பக்கத்தில் கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து வருஷக்கணக்கில் பத்திரப்படுத்துவார்கள். பழசாகப் பழசாக மதிப்பு. மகன் பிறந்த 1986 குளிர்காலத்துத் தோல் அவர்கள் வீட்டு ஜாடியில் கறுத்துச் சுருண்டு கிடந்தது. மகன் கல்யாணத்துக்கென்று வைத்தது. 2018இல் என் கணவர் ஷென்ஜென் புறப்பட்ட அன்று காலையில் பெரியவர் மாடியேறி வந்து, அதைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். “இருமலுக்கு நல்லது, கஞ்சியில் போடச் சொல். நான் கொடுத்ததாகச் சொல்லாதே” என்றார். பொட்டலம் இரண்டு இருந்தது. ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு என்று நாங்கள் கேட்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். கட்டுரைப் படத்தின் கீழே, படத்திலுள்ள இளைஞரோடு ஆறு வருஷமாகச் சேர்ந்து வாழ்பவரை ‘நண்பர்’ என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த இதழில் ‘துணைவர்’ என்று திருத்துங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதென்றால் சுருக்குங்கள், அந்த இரண்டு பொட்டலத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஈரோடு.