மைதானத்தின் அகலத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் நடந்த கால்பந்துப் போட்டி பற்றிய செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த அணி அரையிறுதியில் நாலு கோல் வாங்கியதற்கு உள்ளூர் ரசிகர்களின் ஆரவாரமும், மலைக்காரர்களுக்குக் கீழே அடிக்கும் வெயில் ஒத்துக்கொள்ளாததும்தான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். வெயிலைப் பற்றி எனக்கு மறுப்பில்லை. ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயில் சேலத்துக்காரனுக்கே ஒத்துக்கொள்ளாது. ஆனால் பெரிய காரணம் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பையன்கள் மேலே ஆடிப் பழகிய மைதானத்தின் அகலம் 52 மீட்டர். கீழே அவர்களை இறக்கிவிட்டது 66 மீட்டர் அகலத்தில்.

இந்த இரண்டு எண்களும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாட்களில் இந்த மாவட்டத்து ஆட்டங்களில் நடுவராகவும் லைன்ஸ்மேனாகவும் நின்றிருக்கிறேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்தில் டேப் பிடித்துப் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அமைப்பாளர்களுக்கு இது பிடிக்காது. "சார், பத்திரப்பதிவுக்கா அளக்கிறீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு.

கபடியில் இந்தத் தொல்லையே இல்லை. ஆண்களுக்கு 13-க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12-க்கு 8. எந்த ஊருக்குப் போனாலும் அதேதான். கால்பந்து விதியோ நீளம் 90 முதல் 120 மீட்டர் வரை, அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை இருக்கலாம் என்று கயிற்றை நீளமாக விட்டிருக்கிறது. சர்வதேச ஆட்டங்களுக்கு மட்டும் நீளம் 100 முதல் 110, அகலம் 64 முதல் 75 என்று கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், மைதானம் எவ்வளவு சுருங்கினாலும் கோல் போஸ்ட் சுருங்காது. அது 7.32 மீட்டர்தான். கோலுக்கு முன்னால் போடுகிற பெனால்டி பாக்ஸும் சுருங்காது. அது பக்கவாட்டில் 40.32 மீட்டர். அப்படியானால் சுருங்குவது எது? பாக்ஸுக்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவில் விங்கர், அதாவது பக்கவாட்டில் ஏறி ஆடுகிறவன், ஓடுகிற அந்தத் துண்டு மட்டும்தான். 66 மீட்டர் மைதானத்தில் அது ஒரு பக்கத்துக்கு 12.84 மீட்டர். 52 மீட்டரில் 5.84. பாதிக்கும் குறைவு. அங்கே ஒரு டிஃபெண்டர் நடுவில் வந்து நின்று காலை அகட்டினாலே விங்கரின் கதை முடிந்தது.

அதனால்தான் மேலே ஆடுகிற அணிகளில் உருப்படியான விங்கரைப் பார்ப்பது அபூர்வம். பையன்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை, ஓட இடமில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் வேறொன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். 52 மீட்டர் அகலத்தில் பக்கக் கோட்டிலிருந்து கிட்டத்துக் கோல் கம்பத்துக்குத் தூரம் 22 மீட்டர் சொச்சம்தான். பந்து பக்கக் கோட்டைத் தாண்டினால் அதைக் கையால் உள்ளே வீசுவதுதான் த்ரோ. தோள் வலுவுள்ள ஒருவன் இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து வீசினால் பந்து நேராகக் கோல் வாசலில் விழும். த்ரோவில் ஆஃப்சைடு, அதாவது எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்கிற தப்பு, கிடையாது என்பதால் ஆட்களைக் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே நிறுத்தலாம். ஆக, எதிரணிப் பாதியில் கிடைக்கிற த்ரோவில் பாதி அவர்களுக்குக் கார்னர் மாதிரி. கீழே 66 மீட்டரில் அதே வீச்சு கோலுக்கு ஏழு மீட்டர் முன்னாலேயே தரைக்கு வந்துவிடுகிறது. அரையிறுதியில் அந்த எட்டாம் நம்பர் பையன் வீசி வீசிக் களைத்ததைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பின்னால் நின்ற நால்வரின் பாடு இன்னும் மோசம். 52 மீட்டரை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 13 மீட்டர். 66-ஐப் பிரித்தால் பதினாறரை. கூடுதலாக வருகிற அந்த மூன்றரை மீட்டரில்தான் சேலத்துப் பையன்கள் பந்தை நுழைத்தார்கள். இடப் பக்கம் நாலைந்து பாஸ் போட்டு எல்லாரையும் அங்கே இழுத்து, சட்டென்று வலப் பக்கத்துக்கு ஒரு நீளமான பந்து. நாலு கோலில் மூன்று அப்படி வந்தவை. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: மேலே அந்த மைதானத்தின் நீளம் 90 மீட்டர். கோல்கீப்பர்களை விட்டுவிட்டு இருபது பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு ஐந்தே முக்கால் சென்ட் வருகிறது. கீழே நீளம் 104, தலைக்கு எட்டரை சென்ட். ஐந்தே முக்கால் சென்ட்டைக் காவல் காத்துப் பழகியவனிடம் எட்டரை சென்ட்டைக் கொடுத்தால், முதல் பாதியில் ஓடிப் பார்ப்பான், அப்புறம் இடுப்பில் கை வைத்து நிற்பான். பார்க்கிறவர்கள் "வெயில்" என்பார்கள்.

மேலே மைதானம் ஏன் அப்படி ஒடுங்கியிருக்கிறது என்று கேட்கத் தேவையில்லை. சேர்வராயன் மலையில் சமதளம் என்பதே வெட்டி எடுத்ததுதான். ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் காபித் தோட்டம் இறங்குகிற சரிவு. வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. பந்து அந்தப் பக்கம் போனால் காபிச் செடிகளுக்குள் உருண்டு இறங்கும், ஒருவன் போய் எடுத்து வர வேண்டும். உள்ளூர் அணி ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது மட்டும் பந்து அந்தப் பக்கம் அடிக்கடி போவதையும், எடுக்கப் போன பையனுக்குக் கண் சரியாகத் தெரியாமல் போவதையும் நான் விசில் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். நின்ற நேரத்தைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தேன், திட்டும் வாங்கினேன்.

சொந்த மைதானத்துக்குத் தக்கபடி அணியை அமைத்துக்கொள்வதில் எந்தத் தப்பும் இல்லை. இங்கிலாந்தில் ஸ்டோக் சிட்டி அணி 2008-ல் அந்த நாட்டின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீக்குக்கு வந்தபோது அதைத்தான் செய்தது. பயிற்சியாளர் டோனி புலிஸ். மைதானம் 100-க்கு 64. சிறு வயதில் ஈட்டி எறிந்து பழகிய ரோரி டெலாப் அந்த அணியில் இருந்தார். ஈரப் பந்தைத் துடைக்க அவருக்குத் துண்டு நீட்டுவார்கள். துடைத்துவிட்டு 30 மீட்டருக்கு மேல் தட்டையாக வீசுவார். அந்த ஆண்டு நவம்பரில் ஆர்சனல் அங்கே போய் 2-1 என்று தோற்றது. இரண்டு கோலும் டெலாப் வீசிய த்ரோவிலிருந்து வந்தவை. ஆர்சனல் ரசிகர்களுக்கு இது கால்பந்தே இல்லை என்று கோபம். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடில்லை. விதி அனுமதிக்கிற அகலம், ஆடப் போகிற எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த அகலம். தயாராகி வர வேண்டியது வருகிறவன் பொறுப்பு.

என்னால் ஏற்க முடியாதது வேறு வகை. 1987-ல் ஐரோப்பியக் கோப்பையில் டைனமோ கீவ் அணியிடம் முதல் ஆட்டத்தை 1-0 என்று இழந்த ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ், மறு ஆட்டத்தைத் தன் சொந்த ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. அப்போது கீவ் அணியின் பலம் பக்கவாட்டில் பாய்வது. கீவ் வந்து வழக்கமான அகலத்தில் பயிற்சி செய்துவிட்டுப் போனது. மறுநாள் ஆட்டத்துக்கு வந்தால் பக்கக் கோடுகள் விதி அனுமதிக்கிற அளவுக்கு உள்ளே நகர்ந்திருந்தன. ரேஞ்சர்ஸ் மேலாளர் கிரேம் சூனஸ் செய்த வேலை. ரேஞ்சர்ஸ் 2-0 என்று ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனது. அன்றைய முதல் கோல் கீவ் கோல்கீப்பர் எறிந்த பந்து சொந்த அணிக்காரர் மேலேயே பட்டுத் திரும்பியதால் வந்தது என்பதால், எல்லாப் புண்ணியத்தையும் சுண்ணாம்புக் கோட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக் கல்லை நகர்த்துகிறவர்களை என் உத்தியோகத்தில் நிறையப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது ரசிக்கவில்லை. இப்போது பிரீமியர் லீக்கில் சீசன் நடுவில் அனுமதி வாங்காமல் மைதான அளவை மாற்ற முடியாது.

சரி, ஆரவாரம் என்கிற உங்கள் காரணத்துக்கு வருகிறேன். அதற்குப் பலமான சாட்சி இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020-21 சீசனில், இங்கிலாந்து மைதானங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தபோது பிரீமியர் லீக்கில் சொந்த ஊர் அணிகள் 144 ஆட்டங்களில் ஜெயித்தன, வெளியூர் அணிகள் 153-ல். அதற்கு முன் எந்த சீசனிலும் அப்படி நடந்ததில்லை. கூட்டம் போனதும் சாதகமும் போயிற்று, அப்புறம் என்ன அகலம் நீளம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கே மைதானங்கள் அநேகமாக எல்லாம் 105-க்கு 68, அல்லது அதை ஒட்டிய அளவு. புல்லும் ஏறக்குறைய ஒரே தரம். மைதானத்தால் வரக்கூடிய சாதகத்தை அவர்கள் ஏற்கெனவே வழித்துத் துடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெரும்பாலும் கூட்டம்தான். அதுவும் போனால் ஒன்றுமில்லாமல்தான் போகும். இங்கே கதை வேறு. ஓரிடத்தில் 400 மீட்டர் ஓடுபாதைக்கு நடுவில் தாராளமான மைதானம். இன்னோரிடத்தில் 200 மீட்டர் ஓடுபாதை போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் கோல் போஸ்ட் நட்டிருப்பார்கள். ஒன்று செம்மண், ஒன்று புல், ஒன்றில் மழை பெய்தால் ஒரு மூலை குட்டை. இப்படி ஊருக்கு ஒரு அளவு இருக்கிற இடத்தில் பழக்கத்துக்கு எடை அதிகம். ரிச்சர்ட் பொல்லார்ட் என்கிற ஆய்வாளர் வட அமெரிக்காவின் பேஸ்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி அணிகளைப் பார்த்து, புது அரங்கத்துக்குக் குடி மாறியதும் சொந்த ஊர்ச் சாதகம் குறைகிறது என்று எழுதியிருக்கிறார். ஊர் மாறவில்லை, ரசிகர் மாறவில்லை. இடம் மட்டும்தான் புதுசு.

இதே கூத்து தலைகீழாகவும் நடக்கிறது. சேலத்து அணி மேலே போய்த் தோற்றால் உடனே "மேலே மூச்சு வாங்குது சார்" என்பார்கள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீட்டருக்கும் மேல். மாரடோனா பயிற்சியாளராக இருந்தபோது அர்ஜென்டினா 2009-ல் அங்கே போய் 6-1 என்று உதை வாங்கியது. மெஸ்ஸியும் ஆடினார். மூச்சு வாங்குகிற உயரம் என்றால் அது. நம் பையன்களைச் சாய்க்கிறது உயரத்தை விட அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். காலையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறி, பதினாலாவது வளைவில் ஜன்னலைத் திறக்கிறார்கள். மீதியை மைதானத்தின் அகலம் பார்த்துக்கொள்கிறது. பக்கவாட்டில் பந்தை விரித்து ஆடப் பழகியவர்கள் இரண்டு எட்டு வைப்பதற்குள் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள், அந்தப் பக்கத்திலிருந்து த்ரோ வந்து விழுகிறது.

இப்போது ஊரெங்கும் முளைத்திருக்கிற டர்ஃப் என்கிற சின்னச் செயற்கைப் புல் மைதானங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, ராத்திரி விளக்கில் வலைக்குள் ஆடுகிறார்கள். காலில் பந்து ஒட்டிக்கொள்கிறது, சின்ன இடத்தில் திரும்புவது அழகாக வருகிறது. ஆனால் அங்கேயே வளர்ந்த பையன் பெரிய மைதானத்துக்கு வந்தால் முப்பது மீட்டர் தள்ளி நிற்கிற தன் ஆளைப் பார்ப்பதே இல்லை. தலையைத் தூக்குகிற பழக்கம் இல்லை. டர்ஃப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாரத்தில் ஒரு நாளாவது முழு மைதானத்தில் ஆட விடுங்கள் என்று பயிற்சியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளூரில் இன்னொரு விசேஷம், பல மைதானங்கள் செவ்வகமே இல்லை. நகருக்குள் ஒரு மைதானத்தில் டேப் பிடித்தபோது வடக்குக் கோல் பக்கம் அகலம் 58, தெற்குக் கோல் பக்கம் 53. தெற்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி கட்டியபோது கோட்டை உள்ளே தள்ளியிருக்கிறார்கள், மறு மூலையைத் தள்ள யாருக்கும் தோன்றவில்லை. மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். உள்ளூர் கேப்டனுக்கு டேப் தேவைப்படவில்லை. டாஸ் ஜெயித்தால் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். வந்தவன் காற்றைப் பார்த்து, சூரியனைப் பார்த்துப் பக்கம் கேட்கிறான்.

எல்லா மைதானத்தையும் 105-க்கு 68 ஆக்குங்கள் என்று கேட்டால் மலையில் பாதிப் பேர் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். அது வேண்டாம். போட்டி அறிவிப்பு நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், பரிசுத் தொகை, சிறப்பு விருந்தினர் பெயர் எல்லாம் பெரிய எழுத்தில் வருகிறது. அதோடு மைதானத்தின் நீளம், அகலம், புல்லா மண்ணா என்பதையும் போடச் சொல்கிறேன். நோட்டீஸ் அடித்த பிறகு கோட்டை நகர்த்தக் கூடாது. வருகிற அணிக்கு முதல் நாள் மாலையோ ஆட்டத்தன்று காலையோ அரை மணி நேரம் அந்த மைதானத்தில் பந்தைத் தொட விட வேண்டும். செலவு ஒன்றுமில்லை, ஒரு மூட்டைச் சுண்ணாம்புத் தூளும் சணல் கயிறும் எப்படியும் வாங்குகிறார்கள். மூலைக்கு 3, 4, 5 மீட்டர் முக்கோணம் போட்டுப் பார்த்தால் கோணமும் சரியாக வந்துவிடும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சேப்பாக்கத்தில் ஆட்டம் என்றால் ஆடுகளம் சுழலுக்கு உதவுமா, பனி விழுமா, எந்தப் பக்கம் பவுண்டரி கிட்டே என்றெல்லாம் அரைப் பத்தி எழுதுகிறீர்கள். மே மாதம் மாவட்டத்தில் மறுபடி போட்டிகள் தொடங்கும்போது, உள்ளூர்க் கால்பந்துச் செய்தியிலும் அணிகளின் பெயருக்குக் கீழே மைதானத்தின் நீள அகலத்தை ஒரு வரியில் போடுங்கள். அமைப்பாளர்கள் அளவு தர மறுத்தால் சொல்லி அனுப்புங்கள், நான் போய் அளந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
கன்னங்குறிச்சி, சேலம்.