பழைய கோப்பையைக் குடுக்க முதல் திருப்பிப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஒட்டுசுட்டான் பக்கம் கொஞ்ச நாளா ஒரு பட்டா வாகனம் வருது, பழைய பித்தளை பழைய பீங்கான் எண்டு ஸ்பீக்கரில கத்திக்கொண்டு, குடுத்தா பிளாஸ்டிக் பேசின் தருவினம். என்ர தங்கச்சி போன கிழமை அம்மம்மாவின்ர நீலப்படக் கோப்பை ரெண்டைக் குடுத்து ஒரு சிவப்பு பேசின் வாங்கி வச்சிருக்கிறா. எனக்கு வந்த கோவம் சொல்லி வேலையில்ல.

அந்தக் கோப்பையள் அம்மப்பா மலைநாட்டில தோட்டக் கிளாக்கரா இருந்தவர், அங்க துரை வீட்டுச் சாமான் வித்த நேரம் வாங்கினது. மொத்தம் மூண்டு. 2008 கடைசியில ஊரை விட்டு ஓடேக்க அம்மம்மா உமிக்குள்ள வச்சு வளவில தாட்டவ, திரும்பி வந்து கிண்டினா ஒண்டும் உடையேல்ல, ஒண்டில மட்டும் மயிர் மாதிரி ஒரு கீறல், அதுதான் இப்ப என்னட்ட மிஞ்சிக் கிடக்கு.

படம் என்னெண்டா ஒரு ஆறு, கரையில ஆடு மேய்க்கிற ஆக்கள், பக்கத்தில இடிஞ்ச பெரிய கட்டடம், சுத்திவர விளிம்பில பூ. இடிஞ்ச வீட்டைப் போய் சோத்துக் கோப்பையில அடிச்சிருக்கிறாங்கள் விசரர் எண்டு அம்மம்மா சிரிப்பா. பின்பக்கம் ஸ்போட் எண்டு இருக்கு, இங்கிலாந்தில ஸ்டோக் எண்ட ஊர்க் கம்பனி, இந்தப் படத்துக்கு இத்தாலியன் எண்டு பேர், 1816இல வந்தது. அந்தக் காலம் அங்கத்த பணக்காரப் பெடியள் ரோமுக்குப் போய் பழைய இடிபாடு பாக்கிறது ஒரு பெருமை, போக வசதியில்லாத சனத்துக்குக் கோப்பை. நெப்போலியன்ர சண்டை முடிஞ்சது 1815, அடுத்த வருசமே இடிபாட்டுப் படம் சாப்பாட்டு மேசைக்கு வந்திட்டுது. எங்களுக்கு அப்பிடி ஒரு ஆசை வராது, அது வேற கதை.

எங்கட ஊரில ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, மண்ணும் சூளையும் எங்களுக்குப் புதுசில்ல, ஆனா இந்த வேலை வேற மாதிரி. செப்புத் தகட்டில படத்தை வெட்டி, கோபால்ட் மை பூசி, மெல்லிய தாளில எடுத்து, அந்தத் தாளை ஒருக்கா சுட்ட கோப்பையில ஒட்டித் தேச்சு, பிறகு தாளைக் கழுவி எடுத்துப்போட்டு மேல கண்ணாடி மாதிரி மினுக்கம் பூசித் திரும்பச் சுடுறது. சூளை வெக்கைக்கு கோபால்ட் நீலம் தாங்கும், அதாலதான் இப்பிடிப் பழசெல்லாம் அனேகமா நீலம். என்ர கோப்பையில விளிம்புத் தாள் பொருந்தின இடத்தில ஒரு பூ பாதியோட வெட்டுப்பட்டு அடுத்த பூவில முட்டிக்கொண்டு நிக்குது, அதுதான் தாள் ஒட்டின கை வேலைக்கு அடையாளம். இப்பத்தைய ஸ்டிக்கர் படத்தில அந்தப் பொருத்து இராது, பூதக்கண்ணாடி வச்சா அனேகமா புள்ளி புள்ளியாத் தெரியும்.

விக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, கஸ்டம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா குடுக்க முதல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, ஒரு போட்டோ எடுத்து வையுங்கோ, அது எங்கால வந்தது, எங்க தாட்டது, ஆர் எடுத்தது எண்டு வீட்டில வயது போன ஆக்களிட்ட கேட்டு எழுதி வையுங்கோ. உங்கட பேப்பரில கிழமைக்கு ஒருக்கா வன்னி வீடுகளில மிஞ்சின இப்பிடி ஒரு சாமானின்ர படத்தைப் போட்டா இன்னும் நல்லம். முதலாவதுக்கு என்ர கோப்பை, முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்து இதோட அனுப்பியிருக்கிறன், கீறல் வடிவாத் தெரியுது.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாசகி