பேய்க்கதை பிடிக்கும் என்று எழுத ஒருவர்கூட இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தங்களுக்குப் பிடித்தவை பற்றி வாசகர்கள் எழுதும் பகுதியை ஐந்து வாரமாக விடாமல் படித்து வருகிறேன். சரித்திர நாவல் பிடிக்கும் என்கிறார் ஒருவர். திருக்குறள் உரைகளைச் சேர்க்கிறார் இன்னொருவர். மொட்டை மாடியில் கத்தரியும் பாகலும் போட்டவரின் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் இரண்டு தொட்டி வாங்கினேன். ஆனால் பேய்க்கதை பிடிக்கும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. இதை என்னால் நம்ப முடியவில்லை. பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்களில் முதலில் தீர்ந்துபோவது எது என்று பார்த்தவள் நான்.

அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு வயது 67. நாற்பத்தைந்து வருடமாகப் பேய்க்கதை படிக்கிறேன்.

1979-ல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்றபடி கட்டணம். எதிர்முனையில் இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்றால் பி.பி. கால். இரவு ஒரு மணி தாண்டினால் லைன்களை இணைக்கும் போர்டு அடங்கிவிடும். தூங்கவும் கூடாது, பேச ஆளும் இருக்காது. அந்த நேரத்துக்குத்தான் கைப்பையில் ஒரு மாத நாவல் இருக்கும். பெரும்பாலும் பி.டி.சாமி எழுதிய பேய்க்கதை. பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக் கொண்டு போவேன். அட்டைப் படத்தைப் பார்த்தால் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டார்.

ஒரு மார்கழி ராத்திரி. கதையில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறப்பதா வேண்டாமா என்று வீட்டுக்காரி நிற்கிறாள். அந்த இடத்தில் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. பிளக்கைச் சொருகி, "எக்ஸ்சேஞ்ச், நம்பர் சொல்லுங்க" என்றேன். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. மறுபடி கேட்டேன். மறுபடியும் மூச்சு. என் கை ரோமம் எழுந்து நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கை போனது. அப்போது ஒரு வாலிபன் குரல்: "அக்கா... திருச்சிக்குப் பேசணும். தங்கச்சிகிட்ட. அம்மா தவறிட்டாங்க. எப்படிக்கா சொல்றது?"

எனக்கும் அப்போது இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுதான். என்ன தோன்றியதோ, "தங்கச்சி கல்யாணம் ஆனவங்களா தம்பி? அப்போ மாப்பிள்ளை பேருக்கு பி.பி. கால் போடறேன். முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க. அவர் பக்கத்துல இருந்து சொல்லிக்கட்டும்" என்றேன். லைன் கிடைத்ததும் இணைத்துவிட்டுக் கீயைத் தள்ளிவிட்டேன். பேசுவதை நாங்கள் கேட்கக் கூடாது. மூன்று நிமிடம் ஆனதும் குறுக்கே வந்து நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டும், அதுவும் விதி. அன்றைக்குச் சொல்லவில்லை.

அந்த நாவலை அதன்பிறகு மூன்று நாள் தொடவில்லை. ஆனால் அந்த மூச்சு எனக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்தது. பயம் பேயைப் பார்த்த பிறகு வருவது இல்லை. அதற்கு முன்னால், இன்னும் யாரென்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை எழுதத் தெரிந்தவர்களைத்தான் இன்றுவரை தேடிப் படிக்கிறேன். கோரப்பல்லும் ரத்தமும் பக்கத்துக்குப் பக்கம் வருகிற கதைகளை நானும் படித்திருக்கிறேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது.

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' அப்படியில்லை. அது நாவல் இல்லை, சிறுகதைதான். ஆனால் என் வரிசையில் முதல் இடம் அதற்கு. ஒரு மனிதனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் புரியாத ஒரு வாடை மூக்கில் ஏறுகிறது. வாசலுக்குப் பிச்சைக்கு வந்தவளைப் பார்த்து மனைவிக்கு இரக்கம் வருகிறது, வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். கதைக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான்: தூக்கம் வராத ராத்திரி, வேலைக்கு வந்த ஒருத்தி. எல்லாம் நம் வீட்டில் இருப்பது. வேலைக்காரி பேயா இல்லையா என்று கடைசிவரை அவர் அடித்துச் சொல்லவே இல்லை. அந்தக் கதையைப் படித்த வாரம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் புதிதாக ஒரு பெண் வந்தாள். பாவம், நல்ல பெண். அவள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பத்து நாள் ஆனது.

இரண்டாவது இடம் 'டிராகுலா'வுக்கு. ரத்தம் குடிக்கும் ஒரு பிரபுவின் கதை, பிராம் ஸ்டோக்கர் 1897-ல் வெளியிட்டது. முதலில் தமிழில் சுருக்கமாகப் படித்தேன். ரிட்டயர் ஆன பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் முழுதாகப் படித்தேன், நான்கு மாதம் பிடித்தது. சினிமாவில் பார்த்தவர்களுக்குக் கறுப்பு அங்கியும் பல்லும்தான் தெரியும். புத்தகம் எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல், ரயில் ஒரு மணி நேரம் லேட் என்று எழுதும் டைரிக் குறிப்போடு. அடுத்த சில வரியில் சாப்பிட்ட கோழிக்கறி வருகிறது. மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டது. ருசியாக இருந்ததாம், ஆனால் தாகம் எடுத்ததாம். தனக்கு நிச்சயமான பெண் மீனாவுக்காகப் பக்குவம் கேட்டு வாங்க வேண்டும் என்று மறக்காமல் எழுதி வைக்கிறான். ராத்திரி விநோதமான கனவாக வருகிறது. ஜன்னலுக்குக் கீழே நாய் ஊளையிட்டதாலோ, அந்த மிளகாயாலோ என்று யோசிக்கிறான். காரக் குழம்பு சாப்பிட்டுவிட்டு நடு ராத்திரியில் எழுந்து சொம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கிற யாருக்கும் இது புரியும். அப்படி நம்மைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் ஸ்டோக்கர் கோட்டைக் கதவைத் திறக்கிறார். இத்தனைக்கும் ஸ்டோக்கர் லண்டனில் லைசியம் நாடக அரங்கின் மேனேஜராக வேலை பார்த்தவர். அந்தக் கோட்டை இருப்பதாகச் சொல்லும் டிரான்சில்வேனியா பக்கமே போனதில்லை.

அந்த மீனாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சுருக்கெழுத்தும் டைப்பும் பழகுகிறாள். ரயில் டைம்டேபிள் மனப்பாடம். எல்லோருடைய டைரியையும் கடிதத்தையும் தந்தியையும் சேர்த்துத் தேதி வாரியாக அடுக்கி டைப் அடிக்கிறாள். ஒரு டாக்டர் அந்தக் காலத்து ஒலிப்பதிவு சிலிண்டரில் பேசிப் பதிந்து வைத்திருப்பதைக் கேட்டு, அதையும் அடித்து மூன்று பிரதி எடுக்கிறாள். பின்னால் டிராகுலா வீட்டுக்குள் புகுந்து காகிதத்தையெல்லாம் நெருப்பில் போட்டுவிடுகிறான். ஆனால் ஒரு பிரதி பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது! அந்த இடத்தில் நான் சத்தமாகக் கை தட்டினேன். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள் நான். கார்பன் தாள் வைத்து அடித்து விரலெல்லாம் நீலமான எந்தப் பெண்ணும் அங்கே கை தட்டுவாள்.

டிராகுலாவைப் பிடிக்கக் கிளம்பிய ஆண்கள் எல்லோரும் கூடி, பெண்பிள்ளைக்கு இந்த விஷயமெல்லாம் வேண்டாம், பயந்துவிடுவாள் என்று அவளை ஒதுக்கி வைக்கிறார்கள். சரியாக அந்த நாட்களில்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். கடைசியில் அவன் எந்த ஆற்று வழியாகத் தப்பிப் போகிறான் என்று வரைபடத்தை வைத்துக் கண்டுபிடிப்பவளும் அவளே. நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு ஆண் எழுதிய பேய்க்கதையில், ஆபீஸ் வேலை தெரிந்த பெண்ணுக்கு இவ்வளவு இடம் இருக்கிறது.

நம் ஊர்ப் பக்கம் இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' நாவல். 2024 நவம்பரில் மதுரையில் அவர் காலமானார் என்று செய்தி வந்த அன்று, வீட்டில் இருந்த அவர் புத்தகங்களை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். கருப்பசாமி குதிரையேறி வந்து தப்பு செய்தவனைத் தண்டிப்பார் என்று நம்பும் ஊர், அதைக் கேள்வி கேட்கும் படித்தவர்கள். இரண்டு பேரையுமே அவர் மட்டம் தட்டவில்லை. அது 'விடாது கருப்பு' என்று டிவி தொடராக வந்தபோது எங்கள் தெருவில் ஒரே நேரத்தில் வாசல் கதவெல்லாம் சாத்திக்கொண்டது எனக்கு இன்னும் ஞாபகம்.

இதர பொழுதுபோக்குகள் என்ன என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் கோலம், உங்கள் பேப்பரில் வரும் குறுக்கெழுத்து, வெயில் காலத்தில் சுண்டைக்காய் வத்தல், கொல்லையில் ஒரு முருங்கை மரம். இந்த முருங்கையை வைத்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் முருங்கை மரத்தில் ஏறுகிறது இல்லையா? சமஸ்கிருத மூலத்தில் அது சிம்சபா என்ற வேறு மரம். தமிழில் சொன்ன யாரோ ஒருவர் அதை முருங்கை ஆக்கிவிட்டார். எங்கோ தொங்கிய வேதாளத்தைக் கொண்டுவந்து, நாம் சாம்பாருக்குக் காய் பறிக்கும் மரத்தில் மாட்டிவிட்டார். அவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பேய்க்கதையின் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. முருங்கைக் கிளை பட்டென்று முறியும். ஏறிய பிள்ளை விழுந்து கை ஒடியும். 'அதில் பேய் இருக்கு, ஏறாதே' என்று என் பாட்டி சொன்னது அதற்காகத்தான் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் இருட்டிய பிறகு கறிக்கு இரண்டு கீரைக் கொத்து ஒடிக்கப் போனால் நான் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை.

இனி ஒரு வருத்தம். போன மாதம் ஒரு நூலகத்தில் திகில் நாவல் எந்த வரிசையில் இருக்கிறது என்று கேட்டேன். "உங்க வயசுக்கு பக்திப் புத்தகம் அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் சொன்னார், அவர்மேல் கோபமில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. சரி, பக்திப் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 63 நாயன்மார்களில் காரைக்கால் அம்மையார் அழகும் இளமையும் வேண்டாம் என்று கேட்டு வாங்கிய வடிவம் எது? பேய் வடிவம். பாட்டின் முடிவில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்? காரைக்கால் பேய் என்று. திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் வற்றிய உடம்பும் குழிந்த வயிறும் வெண்பல்லுமாகப் பெண்பேய் அலறுவதை அவர் பாடியிருக்கிறார். படித்துப் பாருங்கள், இன்றைக்கும் முதுகு சில்லிடும். கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் போர்க்களத்துப் பேய்களை யானைத் தந்தத்தால் பல் விளக்க வைத்து, குளிக்க வைத்து, கூழ் காய்ச்ச வைக்கிறார். நம் அடுக்களைப் பேச்சு அப்படியே அதில் இருக்கிறது. இவ்வளவையும் தமிழில் வைத்துக்கொண்டு பேய்க்கதையை ஒளித்துப் படிக்க வேண்டிய அவசியம் என்ன? அன்றைக்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டது போதும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஞாயிறு இணைப்பில் முன்பு திகில் தொடர் வந்துகொண்டிருந்தது. படத்தோடு வரும், 'தொடரும்' என்று வயிற்றில் புளியைக் கரைக்கும் இடத்தில் நிற்கும். அதை நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. மறுபடி ஆரம்பியுங்கள். புதிதாக எழுதும் பெண்களுக்கு வாய்ப்புக் கொடுங்கள். ராத்திரி கடைசியாக அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் நடந்து வருகிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் கதை இருக்கும்.

என் பேத்திக்குப் பதினான்கு வயது. கோடை விடுமுறைக்கு வந்தபோது 'காஞ்சனை'யை எடுத்துக் கொடுத்தேன். "இதுல என்ன பாட்டி பயம்?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். ராத்திரி இரண்டு மணி இருக்கும், என் தோளைத் தொட்டு, "பாட்டி, தண்ணி குடிக்கணும், கூட வரியா?" என்றாள். எழுந்து போய் விளக்கைப் போட்டு, பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "வேற இருக்கா இது மாதிரி?" என்று கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
திண்டுக்கல்