சனிக்கிழமை வேனில் வருகிறவர்கள் கவனத்துக்கு

வேன் பிற்பகல் 2 மணிக்கே காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடும். கச்சேரி 7 மணிக்குத்தானே, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்கிற அண்ணன்மார்களுக்குச் சொல்கிறேன், வாசலில் கூட்டம் நெருக்குவதற்கு முன்பே போய்ச் சேரத்தான். 2006 பிப்ரவரி 4, பிலிப்பைன்ஸில் ஒரு டிவி நிகழ்ச்சியின் முதலாம் ஆண்டு விழாவுக்காக ஸ்டேடியம் வாசலில் காத்திருந்தவர்களில் 70 பேருக்கு மேல் நெரிசலில் செத்தார்கள், நிகழ்ச்சி தொடங்கவே இல்லை. 2025 ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 11 பேர், அதுவும் வாசலில்தான்.

மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நினைக்கிறோம், ஆனால் பலர் நின்ற நிலையிலேயே மார்பு அழுந்தி மூச்சு விட முடியாமல் போகிறார்கள், பின்னால் தள்ளுகிறவனுக்கு முன்னால் நடப்பது தெரிவதே இல்லை. நெருக்கினால் இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டு, கூட்டம் தளரும்போது பக்கவாட்டில் நகருங்கள். கீழே எது விழுந்தாலும் குனியாதீர்கள். போன தேரோட்டத்தில் செருப்புக்காக நான் குனிந்தபோது, யாரோ ஒரு ஆச்சி காலரைப் பிடித்துத் தூக்கி, "செருப்பா பெருசு?" என்று திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

சரி, குழந்தைகளைக் கூட்டி வருகிறவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள். வாசலில் நெருக்கடி என்று தெரிந்தால் நாம் இறங்கப்போவதில்லை, டிக்கெட் காசு போனால் போகட்டும்.