முதலீடு என்றால் வரவையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு கல்வி இணைப்பிதழில் ஆலோசகர் ஒருவர் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நல்ல தனியார் கல்லூரிக்குக் கட்டுகிற பணம் செலவல்ல, முதலீடு என்கிறார். வங்கிக் கடன் இருக்கும்போது பணம் ஒரு தடையே இல்லையாம். சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். முதலீடு என்று யாராவது சொன்னால் வரவுப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் கட்டுரையில் அந்தப் பக்கமே இல்லை.

சரி, நானே எழுதுகிறேன். என் மகள் 2019இல் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் (டீம்டு யுனிவர்சிட்டி) பி.டெக். சேர்ந்தாள். கட்டணம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 13 லட்சத்துக்கு மேல் ஆனது. கொரோனா வருடத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து படித்ததற்கும் முழுக் கட்டணம்தான். கடன் 7.5 லட்சம். அந்தத் தொகை வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்று மேலாளர் கேட்காமல் விடவில்லை. மீதிப் பணம் என் மனைவியின் நகை.

படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். என் சம்பளம் மாதம் 38,000 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 4,56,000 வரும். ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்த பணக்காரன் நான்! எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கும் மூன்று சதவீத வட்டி மானியம் என்று 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டம் வந்தது. அதற்குள் மகள் படித்து முடித்தே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வேலையும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆஃபர் லெட்டரைக் கொடுத்த நிறுவனம், வேலையில் சேர அடுத்த வருடம்தான் கூப்பிட்டது. கடன் தவணைக்கோ படிப்பு முடிந்து ஒரு வருடம்தான் அவகாசம். தவணை தொடங்கியபோது அசலும் வட்டியும் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு மாதம் 14,300 ரூபாய். சம்பளம் ஆண்டுக்கு 3.6 லட்சம் என்று பெயர், பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000. சென்னையில் சாப்பாட்டோடு பி.ஜி. அறைக்கு 9,000 கொடுக்கிறாள். மிச்சத்தில் பஸ், போன், உடம்புக்கு வந்தால் டாக்டர். ஆலோசகர் சொல்லும் லாபத்தை இதில் எந்த வரியில் எழுதுவது?

வட்டிக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அந்தச் சலுகை எங்களுக்கும் தெரியும், ஐயா. இந்தச் சம்பளத்துக்கு வரியே கிடையாது, சலுகை எதில் கிடைக்கும்?

என் தம்பி மகளும் அதே வருடம்தான் சேர்ந்தாள். கவுன்சிலிங் மூலம், பக்கத்து ஊர் சுயநிதிக் கல்லூரியில். அரசின் கட்டண நிர்ணயக் குழு 2017இல் வைத்த ஆண்டுக் கட்டணம் 55,000 ரூபாயில், குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று 25,000 கழித்தார்கள். பஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்தும் நான்கு வருடத்துக்கு மூன்று லட்சத்தைத் தொடவில்லை. இன்று இரண்டு பேரும் ஒரே நிறுவனம், ஒரே சம்பளம். என் மகளும் முதல் பட்டதாரிதான். ஆனால் கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. நிகர்நிலையின் கட்டணத்தை அந்தக் குழுவும் கேட்க முடியாது. முக்கால் பக்கம் எழுதிய நிபுணருக்கு இதைச் சொல்ல இரண்டு வரி கிடைக்கவில்லை.

தங்கள் நாளிதழ் கல்யாண மண்டபத்தில் நடத்திய கல்விக் கண்காட்சிக்கும் போயிருக்கிறேன். அங்கே பேசியவர்களும் இதைச் சொல்லவில்லை. வெளியே வரிசையாகக் கல்லூரிகளின் ஸ்டால்கள், ஆண்டுக்கு 40 லட்சம் வாங்கும் ஒரே ஒரு பையனின் படம், கையில் இலவசப் பை. அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. இணைப்பிதழின் முதல் பக்கமே முழுக் கல்லூரி விளம்பரமாக இருக்கும்போது என் கடிதத்துக்கு எங்கே இடம் இருக்கும்? புரிகிறது. பத்திரிகையும் நடக்க வேண்டுமே.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) என்ன என்று எழுதிக் கொடுக்கிறது. அதைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். தாங்கள் அறியாததல்ல. கவுன்சிலிங்குக்கு முன் வரும் இணைப்பிதழில், தென் மாவட்டக் கல்லூரிகளுக்காவது இந்த மூன்று எண்களையும் நான்கு வருட மொத்தக் கட்டணத்தோடு ஒரு பட்டியலாக வெளியிடுங்கள். விளம்பரம் போக இடம் இல்லையென்றால் அந்த ஒரு வாரம் ராசிபலனை நிறுத்திக்கொள்ளலாம்.

மகள் வேலையில் இருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிவகாசி.